தனஞ்செயன் பறந்த தூரம்

திருச்சி விமான நிலையத்துக்கும் துபாய் விமான நிலையத்துக்கும் நடுவே இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்றும், அதைக் கடக்க நாலு மணி நேரம் ஆகும் என்றும் எல்லோருக்கும் தெரிந்திருந்த காலத்தில், மேலப்பள்ளம் தனஞ்செயன் மட்டும் அதை நாற்பத்தொரு நாளில் கடந்து வந்து இறங்கினான். அவனோடு ஒரே விமானத்தில் ஏறியவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போய், கறிவிருந்து சாப்பிட்டு, கொண்டுவந்த சோப்பையும் சென்டையும் சொந்தக்காரர்களுக்குப் பங்கிட்டு, விடுப்பு முடிந்து, பெட்டி கட்டித் திரும்பியும் போயிருந்தார்கள்.

மேலப்பள்ளத்துக்காரர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் விமானத்திலிருந்து தொடங்க மாட்டார்கள். இருதயராஜின் மனைவி அடைக்கலமேரியிடமிருந்துதான் தொடங்குவார்கள்.

மேலப்பள்ளம், திருச்சி விமான நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி இருந்தது. சக்கரம் இறக்கிய விமானங்கள் தென்னை மட்டைகளை உரசுவதுபோலப் போகும். தனஞ்செயன் அந்த ஊர்க்காரன்தான். துபாயில் கட்டட வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பெனி வைத்திருந்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தலைக்கு மேல் போகும் விமானத்தைக் காட்டி, "நாலே மணி நேரம்டா. நீ மெட்ராஸ் பஸ்ல ஏறி விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள நம்மாளு அங்க எறங்கி டீ குடிச்சிருப்பான்" என்பான். அந்தப் பேச்சைக் கேட்டு மேலப்பள்ளத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் ஆண்கள் போனார்கள். இருதயராஜும் போனான். போனவர்களின் பாஸ்போர்ட்டுகளைத் தனஞ்செயன் வாங்கித் தன் துபாய் ஆபீஸ் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டான். பத்திரமாக இருக்கும் என்றான்.

ஆறாவது வருஷம் இருதயராஜுக்கு நெஞ்சில் வலி வந்தது. வலது கையில் போனைப் பிடித்தபடி இடது கையால் நெஞ்சை நீவிக்கொண்டே அவன் அடைக்கலமேரியிடம் பேசுவது வீடியோவில் தெரியும். "மொதலாளிகிட்ட கேட்டிருக்கேன் மேரி, பாஸ்போர்ட் குடுத்துட்டார்னா அடுத்த பிளைட்டு. நாலு மணி நேரம்தானே, வந்துர்றேன்" என்றான். பத்தொன்பது நாள் கேட்டான். முதல் வாரம் தனஞ்செயன் 'ஆள் குறைவாக இருக்கிறது' என்றான். இரண்டாவது வாரம் 'அலமாரிச் சாவி வேறொருவரிடம் இருக்கிறது' என்றான். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. இருபதாம் நாள் காலையில் இருதயராஜ் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

உடல் பிணவறையில் கிடந்தது. ஊருக்கு அனுப்பக் கம்பெனி முதலாளி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தனஞ்செயனோ அப்போது மேலப்பள்ளத்தில், தன் புது மாடி வீட்டில், மகள் நிறைமதி காலேஜில் முதல் ரேங்க் வாங்கியதற்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தான். இருதயராஜ் இறந்த முப்பத்தேழாவது நாள், பந்தி முடிந்து வாழை இலைகளை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அடைக்கலமேரி அவன் வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, உசுரோட இருக்கையில பாஸ்போர்ட் கேட்டாரு, குடுக்கல. இப்ப அவரையாவது குடுங்க."

தனஞ்செயன் பல் குத்திக்கொண்டிருந்தான். "வெவரம் தெரியாமப் பேசாத மேரி. இதென்ன மணப்பாறையா, ஆம்புலன்சுல தூக்கிப் போட்டுக்கிட்டு வர? கடலுக்கு அந்தாண்ட கெடக்கு. எவ்வளவு தூரம்னு தெரியுமா ஒனக்கு?"

"போறப்ப நாலு மணி நேரம்னு சொன்னீங்க."

"அது உசுரோட போறவனுக்கு."

விருந்துக்கு வந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அடைக்கலமேரி மண்ணை வாரித் தூற்றவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடையில் பிடிக்காத துணியைத் திருப்பிக் கொடுப்பவள் குரலில், "அப்ப அந்தத் தூரம் எங்களுக்கு வேண்டாம்ணே. நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் தனஞ்செயன் எதற்கென்று தனக்கே தெரியாமல் கையெழுத்துப் போட்டான். நாற்பத்தொன்றாவது நாள் இருதயராஜ் பெட்டியில் வந்தான். விமானம் பத்து நிமிஷம் முன்னதாகவே இறங்கிவிட்டது என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் அவனைப் புதைத்த பத்தாம் நாள் அடைக்கலமேரி விமான நிலையத்தில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கே வேண்டும் என்று சூப்பர்வைசர் அல்போன்ஸ் கேட்டபோது, பயணிகள் வந்து இறங்கும் கூடம்தான் வேண்டும் என்றாள்.

*

தனஞ்செயன் துபாய்க்குப் போகும்போது ஒன்றும் ஆகவில்லை. எல்லோரையும்போல நாலு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தான். பொங்கலுக்குத் திரும்பி வரத்தான் ஏறினான், வந்து சேரவில்லை.

அவன் பக்கத்து இருக்கையில் வந்தது தாராநல்லூரைச் சேர்ந்த நர்ஸ். அவள் போலீசிடம் சொன்னாள்: "சக்கரம் தரையைத் தொட்டுச்சுங்க. நான் போனை ஆன் பண்ணிட்டுத் திரும்பினேன், ஆளைக் காணோம். பெல்ட்டு மட்டும் மாட்டினபடி இருந்துச்சு, சீட்டுல கை வச்சுப் பார்த்தேன், சூடு ஆறல." பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அவன் சூட்கேஸ் பெட்டிகள் வரும் பட்டையில் ஏறிச் சுற்றிச் சுற்றி வந்தது. போலீஸ் இரண்டு நாள் விமானத்தைக் குடைந்து பார்த்துவிட்டு, காணாமல் போனவர் கணக்கில் எழுதிக்கொண்டது.

நாற்பத்தொரு நாள் கழித்து, அதே பகல் பதினொன்றரை மணி விமானத்தின் படிகளில், மார்பு வரை தாடியும் தொளதொளத்த சட்டையுமாகத் தனஞ்செயன் இறங்கி வந்தான். அதிகாரிகள் சுற்றி நின்று கேட்டார்கள். அவன் சொன்னது இதுதான்: நாலு மணி நேரம் பறந்ததும் எல்லோரும் எழுந்தார்கள், மேலேயிருந்து பைகளை எடுத்தார்கள், வரிசையாக முன்பக்கம் நடந்து போனார்கள், ஒருவரும் திரும்பி வரவில்லை, ஜன்னலில் பார்த்தால் கீழே இன்னும் கடல். அப்புறம் தினமும் கடல். சாப்பாட்டுத் தட்டு மட்டும் வேளைக்கு மடிப்பலகையில் இருக்கும், வைத்தது யார் என்று தெரியாது. கூப்பிட்டுப் பார்த்தான், கதவைத் தட்டிப் பார்த்தான், அழுதும் பார்த்தான். விமானம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெட்டிப் பட்டையின் ஓரத்தில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு அடைக்கலமேரி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் தள்ளாடி அவளைக் கடந்தபோது, "தூரமாங்கண்ணே?" என்றாள். தனஞ்செயன் நிமிர்ந்து பார்த்தான். சீருடையில் இருந்ததால் யாரென்று அவனுக்குச் சட்டென்று தெரியவில்லை. தெரிந்ததும் தாடிக்குள் அவன் உதடு வெளுத்துப்போனதை அவள் பார்த்தாள்.

*

ஒருமுறை நடந்ததை மயக்கம் என்றும் மூளைக் கோளாறு என்றும் சொல்லிவிடலாம். தனஞ்செயனும் அப்படித்தான் நினைத்து, தெம்பு வந்ததும் மறுபடி துபாய்க்குப் போனான். நாலு மணி நேரம்தான் ஆனது. திரும்பும்போது எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் அவன் அம்மா இறந்தாள். ஐஸ் பெட்டியில் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தம்பி கொள்ளி வைத்தான். சாம்பலைக் காவிரியில் கரைத்து, நினைவு நாளுக்கு நாலு மாதம் இருக்கையில், தனஞ்செயன் கையில் அம்மாவுக்கு வாங்கிய கம்பளியோடு வந்து இறங்கினான்.

அதற்குள் விமான நிலையத்துக்கு அவன் பழகிவிட்டிருந்தான். விமானப் பணிப்பெண்கள் அவன் பெயரைப் பட்டியலில் பார்த்தால் கூடுதலாக இரண்டு போர்வையும் சவரக் கத்தியும் அவன் இருக்கைப் பையில் வைத்துவிடுவார்கள். முத்திரை குத்தும் அதிகாரி, ஏறிய தேதிக்கும் இறங்கிய தேதிக்கும் நடுவே உள்ள மாதங்களை எந்த நாட்டில் கழித்ததாக எழுதுவது என்று மேலிடத்துக்குக் கடிதம் போட்டார். 'வழியில்' என்று எழுதவும் என்று பதில் வந்தது. வாசலில் நிற்கும் டாக்சிக்காரர்கள், எந்த விமானமாவது தாமதம் என்றால் "என்னப்பா, தனஞ்செயனா?" என்று கேட்டுக்கொண்டார்கள். மேலப்பள்ளத்துப் பெண்கள் பகல் விமானம் தலைக்கு மேல் போகும்போது அடுப்படியிலிருந்து வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுலயும் இல்ல" என்று சொல்லி உள்ளே போனார்கள்.

பிறகு அவர்கள் அடைக்கலமேரியிடம் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி தன் மாமியாருக்கும் தங்கள் வீட்டுக்கும் நடுவே கொஞ்சம் தூரம் போட்டுத்தரக் கேட்டாள். ஒருத்தி, குடித்துவிட்டு அடிக்கும் புருஷனுக்குக் கடையிலிருந்து வீடு வரை ஒரு வருஷ தூரம் கேட்டாள். அடைக்கலமேரி எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். "எங்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதைக் குடுத்துட்டேன்" என்று அனுப்பிவிட்டாள்.

பங்குச்சாமியார் வீட்டுக்கே வந்தார். "மேரி, பழிவாங்குறது ஆண்டவர் வேலை."

"ஆமாங்க சாமி. நான் ஒண்ணும் பண்ணல. அவரு பொருளை அவருகிட்டயே குடுத்தேன்."

"மன்னிச்சு விட்டுரலாமே."

"அவரு இன்னும் கேக்கலையே சாமி."

பங்குச்சாமியார் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து, இருதயராஜின் படத்துக்குச் சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

தனஞ்செயன் மூன்றாவது முறையும் துபாய்க்குப் போனான். அங்கே கம்பெனி கிடந்தது, ஆட்கள் கிடந்தார்கள். ஊர் திரும்பக் கொச்சிக்கும் கொழும்புக்கும் டிக்கெட் எடுத்து விமானக் கதவு வரை போய்ப் பயந்து திரும்பினான். எங்கே இறங்கினாலும் தான் வீட்டுக்குத்தானே வருகிறோம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வராமல் அங்கேயே இருந்துவிட்டான். இரண்டு வருஷம் இருந்தான்.

அப்போதுதான் நிறைமதிக்குக் கல்யாணம் நிச்சயமானது.

*

அவள் அடைக்கலமேரியைத் தேடி விமான நிலையத்துக்கே வந்தாள். அடைக்கலமேரி கழிப்பறைக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய இடத்தில், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன. ஒன் ரேங்குக்குப் போட்ட பந்தி வாசல்லதான நான் நின்னேன்."

நிறைமதி தரையில் உட்கார்ந்தாள். பட்டுப்போல் இஸ்திரி போட்ட சுடிதார் ஈரத்தில் நனைவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அப்ப உள்ள ஐஸ்கிரீம் குடுத்துக்கிட்டு இருந்தேன். ஒருத்தங்க வந்து கேட்டுட்டுப் போனாங்கன்னே எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அப்பா பண்ணது தப்பு. அதுக்கு நான் என்ன செய்யணும், சொல்லுங்க. தாலி கட்டையில அவரு பக்கத்துல நிக்கணும்க்கா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அடைக்கலமேரி டிபன் பாக்ஸை மூடினாள். இந்தப் பெண்ணின்மேல் தனக்குக் கோபம் இல்லை என்பதே அவளுக்குக் கோபமாக இருந்தது. நல்ல பெண்ணாக இருக்கிறதே, திமிராகப் பேசியிருந்தால் எவ்வளவு சுலபம் என்று நினைத்தாள்.

"ஒங்கப்பா ஆபீஸ்ல ஒரு இரும்பு அலமாரி இருக்கு. அதுக்குள்ள இன்னும் அறுபத்து மூணு பேரு பாஸ்போர்ட் கெடக்கு. மேல வீட்டுப் பிச்சைக்கண்ணு ஒம்போது வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கான். அவங்க எல்லாரும் மொதல்ல வரட்டும்."

"வந்தா?"

"வரட்டும். அப்பறம் பேசுவோம்."

நிறைமதி அங்கேயே, அந்த ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே அப்பாவுக்குப் போன் போட்டாள். என்ன பேசினாள் என்று அடைக்கலமேரி காதில் விழாமல் இல்லை. முதலில் அவன் கத்தினான். பிறகு மகள் கத்தினாள். பிறகு இருவரும் அழுதார்கள். கடைசியில், போனுக்குள்ளேயிருந்து, துருப்பிடித்த கதவு திறக்கிற ஓசை கேட்டது.

*

கல்யாணத்துக்கு முதல் நாள் பகல் விமானத்தில் அறுபத்து நாலு பேர் ஏறினார்கள். நடு வரிசையில் தனஞ்செயன். அவனைச் சுற்றி முன்னும் பின்னும் அறுபத்து மூன்று பேர். இவ்வளவு பேர் நெருக்கிப் பிடித்துக்கொண்டால் தன்னையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள் என்று அவன் நம்பினான். பிச்சைக்கண்ணுவின் கையை ஒரு பக்கமும் இன்னொருவன் கையை மறுபக்கமும் பிடித்துக்கொண்டே வந்தானாம். மடியில் மகளுக்கு வாங்கிய ஆரம் இருந்த பெட்டி.

இங்கே கூடத்தின் கண்ணாடிக்கு வெளியே மேலப்பள்ளமே நின்றது. கையில் நலங்கு மஞ்சள் காயாமல் நிறைமதி அல்போன்சிடம் கெஞ்சி உள்ளே வந்து, பெட்டிப் பட்டைக்குப் பக்கத்தில் நின்றாள். பதினொன்றரைக்கு விமானம் இறங்கியது. பன்னிரண்டுக்கு முதல் ஆள் வந்தான்.

அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வெளியே அழுகையும் சிரிப்பும் எழுந்தன. பிச்சைக்கண்ணுவின் மகள் அவனை மாமா என்று கூப்பிட, அவள் அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்து, "அப்பாடி, அது ஒங்கப்பாடி" என்றாள். அறுபத்து மூன்று பேரும் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு விமானப் பணிப்பெண்கள் சின்னச் சின்னப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் வந்தவள் நிறைமதியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிச்சைக்கண்ணு தன் வலது கையை விரித்துக் காட்டினான். ஐந்து விரலின் தடமும் சிவந்து கிடந்தது. "இறங்குற வரைக்கும் பிடிச்சிருந்தேம்மா. சத்தியமா நான் விடல."

நிறைமதி திரும்பி அடைக்கலமேரியிடம் ஓடினாள். "எல்லாரும் வந்துட்டாங்கல்ல? நீங்க சொன்னபடி செஞ்சாருல்ல?"

"வரட்டும், பேசுவோம்னுதான் சொன்னேன்."

"அப்பப் பேசுங்க! அந்தத் தூரத்தைத் திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தைக்கா. கால்ல வேணா விழறேன்." விழுந்தேவிட்டாள்.

சொன்னால் நடக்கும் என்று அடைக்கலமேரிக்குத் தெரிந்தது. 'எடுத்துக்கறேன்' என்ற சொல் தொண்டையிலிருந்து ஏறி நாக்கின்மேல் வந்து நின்றது. உப்புக்கல்போல அதன் முனை கூட அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தால் போதும், எதிரே உள்ள தானியங்கிக் கதவு விலகி, தாடியோடு அந்த ஆள் வந்துவிடுவான். கல்யாணம் நடக்கும். பேரன் பேத்தி பிறக்கும். வயதாகி, தன் வீட்டில், தன் கட்டிலில், சுற்றிலும் ஆட்கள் நிற்கச் சாவான்.

கட்டில் என்று நினைத்ததும் அவள் அந்தச் சொல்லை விழுங்கினாள். அது கீறிக்கொண்டே இறங்கியது.

"எந்திரி தாயி," என்று நிறைமதியின் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "நாளைக்கு முகூர்த்தம். அழுதா முகம் வீங்கிரும்."

நிறைமதி அவள் கையை உதறினாள். "நீங்களும் எங்கப்பா மாதிரிதான்."

"ஆமா," என்றாள் அடைக்கலமேரி.

*

மறுநாள் சித்தப்பா தாரை வார்த்துக் கொடுக்க நிறைமதியின் கழுத்தில் தாலி ஏறியது. அறுபத்து மூன்று பேரில் நாற்பது பேருக்குமேல் வந்து பந்தி பரிமாறினார்கள். பிச்சைக்கண்ணு ஊரிலேயே தங்கிப் பால்மாடு வாங்கினான். துபாய் ஆபீஸை யாரோ எடுத்து இனிப்புக்கடை வைத்தார்கள் என்று சொன்னார்கள். தனஞ்செயன் இறங்கவில்லை, ஒரு வருஷம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று.

இப்போதும் சில வியாழக்கிழமைகளில் நிறைமதி கைக்குழந்தையோடு விமான நிலையத்துக்கு வருகிறாள். பார்வையாளர் கண்ணாடிக்கு வெளியே நின்று, பகல் விமானத்தில் வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறாள். முதல் தடவை வந்தபோதே அடைக்கலமேரி உள்ளேயிருந்து ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டாள். நிறைமதி உட்காரவில்லை. மூன்றாவது தடவை, குழந்தை கனத்ததால், உட்கார்ந்தாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக, ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவன் வந்துவிட வேண்டும் என்று ஒருத்தி, வந்துவிடக் கூடாது என்று ஒருத்தி. கடைசிப் பயணியும் போனபின் கதவு ஒருமுறை விலகி, யாரும் இல்லாமல் மூடிக்கொள்ளும். நிறைமதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பாள். அவள் திரும்பிப் பார்க்காமல் வளைவு திரும்பும் வரை அடைக்கலமேரி காத்திருப்பாள். அதற்குப் பிறகு வாளியில் புதுத் தண்ணீர் பிடித்து வந்து, அந்தக் கதவுக்கு முன்னால் உள்ள தரையை, தன் வீட்டுத் தரையைத் துடைப்பதுபோல, அழுத்தி அழுத்தித் துடைப்பாள்.